ஜெயித்தவனுக்கு அப்பீல் இல்லை

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க அண்ணாச்சி, எனக்கு எங்கயும் ஒண்ணுதான். மதுரைக்கா? நானும் மதுரைதான். மாட்டுத்தாவணியில எறங்கி ஒத்தக்கடைக்குப் போகணும். ஹைகோர்ட்டுக்கு. ஆமா, கேஸுதான். பின்ன அங்க சுத்திப் பாக்கவா போவாக?

என்ன கேஸுன்னு கேக்கீங்க. நான் ஜெயிச்ச கேஸு. சிரிக்காதீங்க. தோத்தவன் ஹைகோர்ட்டுக்குப் போறத நீங்க பாத்திருப்பீங்க. ஜெயிச்சுப்புட்டு, "ஐயா, தெரியாம ஜெயிச்சுட்டேன், இதை ரத்து பண்ணுங்க"ன்னு கேக்கப் போற ஆளைப் பாத்திருக்கீங்களா? நல்லாப் பாத்துக்கங்க. நான்தான். பேரு கனகவேல். கோவில்பட்டியில பந்தல், சேரு, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுதேன். அந்தப் பக்கம் ஏதாவது விசேஷத்துக்கு வந்திருந்தீங்கன்னா என் சேருலதான் உக்காந்திருப்பீங்க. சேரு முதுகுல சிவப்பு பெயிண்டுல என் பேரு போட்டிருக்கும்.

என் வீட்டுக்காரி செண்பகவல்லி. சங்கரன்கோவில்காரி. கல்யாணமாகி ஏழெட்டு வருசம் இருக்கும். பிள்ளைக இல்ல. நான், அவ, எங்க அம்மா, மூணே பேரு. வீட்டுல ஒரு சண்டை கிடையாது. சத்தியமா அண்ணாச்சி, ஒரு சண்டை கிடையாது. நான் சொல்லுவேன், அவ கேப்பா. சண்டை எங்கேருந்து வரும்? கல்யாணத்துக்கு முன்ன நர்சரி ஸ்கூல்ல டீச்சரா இருந்தா. பிறகும் கொஞ்ச நாள் போனா. கடையில எத்தனை அண்டா போச்சு, எத்தனை கரண்டி திரும்ப வந்துச்சுன்னு பாக்க ஆள் வேணும்னு நானே ஸ்கூலுக்குப் போயி, "நாளையிலேருந்து டீச்சர் வரமாட்டாங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். அவளுக்கு அலைச்சல் வேண்டாமேன்னு நானே போனேன். அதுக்கும் அவ ஒண்ணும் சொல்லல. அப்படி ஒரு வீடு.

பிறகு ஏன் கோர்ட்டுன்னு கேக்கீங்களா? அற்ப விஷயம் அண்ணாச்சி. வைகாசி மாசம் அவ அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில சேத்திருந்தாக. நமக்கு வைகாசின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். கோவில்பட்டியில ஒரு மண்டபம் சும்மா கிடையாது. லோடு போகுது, லோடு வருது. இவ போகணும்னா. "முகூர்த்தம் முடியட்டும், நானே கார் வச்சுக் கூட்டிட்டுப் போறேன்"னேன். கார் வச்சுன்னு சொன்னேன், பஸ்ஸுலன்னு சொல்லல. கவனிச்சுக்கங்க. மறுநாளும் கேட்டா. அதையேதான் சொன்னேன். முகூர்த்தம் முடியறதுக்குள்ள அவரு முந்திக்கிட்டாரு. போயிருந்தா மட்டும் என்ன, இவளைப் பாத்ததும் எந்திரிச்சு உக்காந்திருப்பாரா? டாக்டருகளே கையை விரிச்சுட்டாக.

ஆனா நான் மருமகன் முறையில ஒரு குறை வைக்கல. பந்தலு, சேரு, தண்ணி டிரம்மு, ராத்திரிக்கு லைட்டு, எல்லாம் நம்ம கடையிலேருந்து லாரி வச்சு இறக்கினேன். காரியம் முடியற வரைக்கும் கிடந்துச்சு. வாடகைன்னு வாய் திறக்கல. சீசன் நேரத்துல எவன் செய்வான்? அந்த மனுசி அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. காரியம் முடிஞ்சது, நான் சாமானை லாரியில ஏத்தினேன், அவ ஏறல.

அடுத்தாப்புல பாத்தா கோர்ட்டுலேருந்து சம்மன் வருது. ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டிருக்கா.

எனக்கு ஆத்திரம் வந்துச்சு, இல்லைங்கல. நேரா ஞானதுரை வக்கீல்கிட்ட போனேன். எங்க ஊருல பேரு போன வக்கீலு. எல்லாத்துக்கும் அவருகிட்ட ஒரு செக்‌ஷன் இருக்கும். கேட்டுட்டுச் சொன்னாரு, "கனகவேலு, காரணமில்லாம புருசனை விட்டுட்டுப் போன பொம்பளைக்கு ஜீவனாம்சம் கிடையாது. அதனால நாம எதிர்மனு மட்டும் போட்டுச் சும்மா இருக்கக் கூடாது. என் பொண்டாட்டியை என்கூட சேத்து வைங்கன்னு நாமளே தனியா ஒரு மனு போடணும்."

"எனக்கு அவ வேண்டாமே"ன்னேன்.

"யாரு வேணும்னா? அவ வரமாட்டா. கோபத்துல இருக்கா. கோர்ட்டு போன்னு சொல்லும், அவ போக மாட்டா. அப்படி ஒரு வருசம் ஓடிட்டா அதைக் காட்டியே விவாகரத்து வாங்கிடலாம். ஜீவனாம்சமும் கிடையாது, பொண்டாட்டியும் கிடையாது."

நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, எவ்வளவு பெரிய மூளை! நான் அந்த இடத்துலயே வக்காலத்துல கையெழுத்துப் போட்டேன்.

மனுவை அவரு குமாஸ்தாவுக்குச் சொல்லச் சொல்ல நானும் பக்கத்துல உக்காந்து கேட்டேன். மனுதாரர்னா நான். எதிர்மனுதாரர்னா அவ. மனுதாரர் தன் மனைவி மீது அளவற்ற அன்பும் பாசமும் கொண்டவர். எதிர்மனுதாரர் எவ்வித நியாயமான காரணமும் இன்றிப் பிரிந்து சென்றதிலிருந்து மனுதாரர் ஊண் உறக்கமின்றித் தவித்து வருகிறார். எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. "ஐயா, இது கொஞ்சம் ஓவரா இல்ல?"ன்னு கேட்டேன். "இது எல்லாருக்கும் போடுறதுதான்யா, பேரை மட்டும்தான் மாத்துவோம்"னாரு.

இதுல ஒரு கூத்து பாருங்க. ஒரே கல்யாணத்துக்கு ரெண்டு கேஸு, ரெண்டு நம்பரு. அவ ஜீவனாம்சம் கேக்கது ஒரு சட்டம், நான் அவளைக் கேக்கது வேற சட்டம். ரெண்டையும் ஒரே குடும்ப கோர்ட்டுல ஒரே ஜட்ஜம்மாதான் பாக்காக. ஆனா அவ கேஸுக்கு ஒரு நாள் வாய்தா, என் கேஸுக்கு இன்னொரு நாள் வாய்தா. ஒரு தடவை ஜட்ஜம்மா லீவு. ஒரு தடவை வக்கீலுக கோர்ட்டு புறக்கணிப்பு. ஒரு தடவை எல்லாரும் இருக்காக, கேஸு கட்டைக் காணோம். வாசல்ல டவாலி நின்னுக்கிட்டு, "கனகவேல், கனகவேல், கனகவேல்"னு மூணு தடவை கூப்பிடுவான். எங்க அம்மா கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல. உள்ள ஓடுவேன். தலையைக் காட்டினதும் அடுத்த வாய்தா தேதி. அவ்வளவுதான். அதுக்கு ஒரு பகல் போயிரும்.

நடுவுல கவுன்சிலிங்னு ஒரு ரூமுல உக்கார வச்சாக. ஒரு அம்மா, நல்லா பேசுறவுகதான். "உங்க மனைவிக்குப் பிடிச்ச சாப்பாடு என்ன?"ன்னு கேட்டாக. எங்க வீட்டுல வைக்கிற குழம்புதான்னு சொன்னேன். "அவங்களுக்குப் பிடிச்சது?"ன்னு திரும்பக் கேட்டாக. அதான் சொன்னேனே, குழம்பு. அதை எழுதிக்கிட்டாக. எதுக்கு எழுதினாகன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

இப்படிப் போயிட்டிருக்கப்ப மக்கள் நீதிமன்றம்னு ஒரு சனிக்கிழமை வந்துச்சு. லோக் அதாலத். இழுத்துக்கிட்டுக் கிடக்க கேஸையெல்லாம் அன்னைக்கு உக்காத்தி வச்சுப் பேசி முடிப்பாக. கோர்ட்டு வளாகத்துல பந்தல் போட்டிருந்துச்சு. யாரு பந்தல்ங்கீங்க? நம்ம பந்தல்தான். சேரும் நம்ம சேருதான். நான் ஆளுகளை விட்டு எறக்கிப் போட்டுட்டு, சட்டையை மாத்திக்கிட்டு, என் சேருலயே வாதியா உக்காந்தேன்.

கூப்பிட்டாக. ஜட்ஜம்மா மனுவைப் படிச்சாக. மனசுக்குள்ள படிச்சிருக்கலாம். சத்தம் போட்டுப் படிச்சாக. ஊண் உறக்கமின்றிங்கிற இடம் வந்ததும் கண்ணாடிக்கு மேல என் வயித்தைப் பாத்தாக. பந்தல்ல எவனோ சிரிச்சான். எனக்குப் பட்டது, எங்க லோடுமேன்தான்.

பிறகு செண்பகத்தைப் பாத்து, "ஏம்மா, உன் வீட்டுக்காரர் இவ்வளவு ஆசையா எழுதியிருக்காரே. சேர்ந்து வாழ உனக்குச் சம்மதமா?"ன்னாக.

நான் குலசாமியை வேண்டிக்கிட்டு நின்னேன். ஞானதுரை வக்கீல் பேனா மூடியைத் திறந்துட்டாரு. அவ என்னைப் பாத்தா. பிறகு ஜட்ஜம்மா பக்கம் திரும்பி, "சம்மதம்மா. போறேன்"னா.

ஞானதுரை வக்கீல் பேனா மூடியைக் கீழ போட்டாரு. அவ பக்கத்து வக்கீலு பர்வீன்னு ஒரு சின்னப் பொண்ணு, அதுவும் வாய் திறந்தபடி நிக்குது. ரெண்டு வக்கீலும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காக. யாருமே எதிர்பாக்கல அண்ணாச்சி. அவ சொந்த வக்கீலே எதிர்பாக்கல!

அந்தப் பர்வீன் பொண்ணு கெட்டி. உடனே சுதாரிச்சு, "சில நிபந்தனை இருக்கும்மா"ன்னுச்சு. ஜட்ஜம்மா ஒவ்வொண்ணாக் கேட்டாக. "வேலைக்குப் போவாங்க, தடுக்கக் கூடாது, சம்மதமா?" தலையாட்டினேன். "சம்பளம் அவங்க கையில." தலையாட்டினேன். "அம்மா வீட்டுக்கு எப்ப வேணும்னாலும் போவாங்க, அனுமதி கேக்க வேண்டியதில்ல." ஆட்டினேன். பின்ன என்ன செய்ய? முடியாதுன்னா, அளவற்ற அன்பு எங்கய்யான்னு கேப்பாக. எல்லாத்துக்கும் ஆட்டினேன். என் கையெழுத்து, அவ கையெழுத்து, சீலு. கேஸு ரெண்டும் அன்னைக்கே குளோஸ். எங்க ரெண்டு பேரு கையிலயும் ஒரு வேப்பங்கன்னைக் குடுத்து, ஜட்ஜம்மா நடுவுல நின்னு போட்டோ எடுத்தாக. மறுநாள் பேப்பருல வந்துச்சு, பிரிந்த தம்பதி மீண்டும் இணைந்தனர்னு. அதுல என் மூஞ்சியைப் பாத்துட்டு வீட்டுல யாரோ செத்துப்போனாகன்னு நினைச்சு ஊருல ரெண்டு பேரு துட்டி கேக்க போன் பண்ணினாக.

வந்துட்டா அண்ணாச்சி. பெட்டியோட வந்துட்டா. திங்கக்கிழமையே பழைய ஸ்கூலுக்கு வேலைக்குப் போயிட்டா.

அழுவா, மன்னிச்சிருங்கன்னு சொல்லுவான்னு நினைச்சேன். இல்லை, சண்டையாவது போடுவான்னு நினைச்சேன். ஒண்ணும் கிடையாது. பழைய மாதிரியே மெதுவாப் பேசுதா. ஆனா என்னைப் பேரு சொல்லியும் கூப்பிடல, ஏங்கன்னும் கூப்பிடல. "அத்தை, மனுதாரரைச் சாப்பிட வரச் சொல்லுங்க"ங்கா. "அத்தை, மனுதாரர் துண்டு கொடியில காயுது"ங்கா. எங்க அம்மாவுக்கு அது ஏதோ மரியாதையான வார்த்தைன்னு நினைப்பு. கோயில்ல போயி, "எம் பிள்ளை மனுதாரராயிட்டான்"னு சொல்லிட்டு வந்திருக்கு.

ஒருநாள் நான் கொஞ்சம் குரலை உசத்தினேன். வேற ஒண்ணுமில்ல, சங்கரன்கோவிலுக்குக் கிளம்பிட்டா, வர வெள்ளிக்கிழமை லோடு இருக்கேன்னு சொன்னேன். செருப்பை மாட்டிக்கிட்டே, "ஈ.பி. போடணுமா?"ன்னு கேட்டா. எனக்குப் புரியல. எங்க அம்மா பதறிப்போயி, "கரண்ட்டை எதுக்குடி கட் பண்ணச் சொல்ற? மிக்ஸியில மாவு கிடக்கு"ங்குது. பிறகு வக்கீல்கிட்ட கேட்டாத்தான் தெரியுது. ஈ.பி.ன்னா நிறைவேற்று மனு. தீர்ப்புப்படி நான் நடக்கலைன்னா அதை நடத்தி வைங்கன்னு அவ கோர்ட்டுல கேக்கலாமாம். சாமானை ஜப்தி பண்ண கோர்ட்டு அமீனா வருவானாம். அதுக்குப் பிறகு அந்த ரெண்டு எழுத்தைக் கேட்டாலே எனக்கு வேர்த்துரும். கரண்ட் பில்லு கட்டக்கூட லோடுமேனைத்தான் அனுப்புதேன்.

சரி, அவளாப் போகட்டும்னு நானும் என்னென்னமோ செஞ்சு பாத்தேன். குடோன்ல இடமில்லைன்னு சொல்லி பந்தக்காலையும் தகரத்தையும் வீட்டு ஹாலுல அடுக்கினேன். வீட்டுக்குள்ள ஒருக்களிச்சுத்தான் நடக்க முடியும். அவ என்ன செஞ்சா? வாசல்ல என் சேரையே எடுத்துப் போட்டு டியூசன் ஆரம்பிச்சுட்டா. சாயங்காலமானா தெருப் பிள்ளைக பூராவும் என் பேரு மேல சாஞ்சுக்கிட்டு வாய்ப்பாடு படிக்குதுக. வாடகைக்குப் போக வேண்டிய சேரு! கேட்டா, சேந்து வாழ்ற வீட்டுல சேரு மட்டும் தனியாங்கா.

பொறுக்க முடியாம நானே குடோன்ல போயிப் படுத்தேன். ஞானதுரை வக்கீல் போன்ல கத்துறாரு. "யோவ், சேத்து வைங்கன்னு கேட்டது நீரு. இப்ப ஓடினது நீரு. அந்தப் பொண்ணு ஈ.பி. போட்டா உம்ம பந்தச் சாமானை ஜப்தி பண்ணிருவாக. ஒழுங்கா வீட்டுக்குப் போயிச் சேந்து வாழுய்யா!" அன்னைக்குச் சாயங்காலமே பாயைச் சுருட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அவ கதவைத் திறந்து, "அத்தை, மனுதாரர் ஆஜர்"னா.

அப்பதான் அப்பீல் போவோம்னு முடிவு பண்ணினேன். இந்த நாட்டுல அப்பீலுக்கா பஞ்சம்? ஞானதுரை வக்கீலே ஒருநாள் எனக்கு விளக்கியிருக்காரு. கீழ முன்சீப் கோர்ட்டு, அதுக்கு மேல சப் கோர்ட்டு, அதுக்கு மேல ஜில்லா கோர்ட்டு, குடும்ப கோர்ட்டு தனியா ஒரு பக்கம், அதுக்கெல்லாம் மேல ஹைகோர்ட்டு, அதுக்கும் மேல டெல்லியில சுப்ரீம் கோர்ட்டு. எனக்கு எப்படித் தோணுச்சுன்னா, பிளாஸ்டிக் சேரை அடுக்கி வச்ச மாதிரி. ஒருத்தன் உக்கார ஒரு சேரு போதும். ஆனா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனாத்தான் பாக்க ஒரு கெத்து. மேல போகப் போக ஏற ஏணி வேணும். ஏணிக்குத்தான் வக்கீலு.

"அப்பீல் போடுவோம்யா"ன்னேன்.

"யாருக்கு? நமக்கா? ஜெயிச்சவனுக்கு ஏதுய்யா அப்பீலு? என்ன கேட்டோமோ அதை முழுசாக் குடுத்துட்டாக. தீர்ப்புல நமக்கு என்ன குறைன்னு சொல்லுவீரு?"

"பொண்டாட்டி வந்துட்டாய்யா. அதான் குறை."

"அதுவும் போக, இது மக்கள் நீதிமன்றத்துல பேசி முடிஞ்சது. அதுக்கு யாருமே அப்பீல் போக முடியாது. முடிஞ்சா முடிஞ்சதுதான். மோசடி பண்ணி வாங்கின உத்தரவுன்னு காட்டினா மட்டும் ஹைகோர்ட்டுல ரிட்டு போடலாம்."

"போடுவோம். மோசடின்னு போடுவோம்."

"இதுல மோசடி பண்ணினது யாருன்னு கேட்டா என்ன சொல்லுவீரு?"ன்னாரு. அதுக்கு மேல அவரு போனை எடுக்கறதில்ல. அதான் நான் மதுரையில வேற வக்கீலைப் பாக்கப் போறேன். சீனியராம். குமாஸ்தாகிட்ட பேசிட்டேன், காலையில வரச் சொன்னான்.

கண்டக்டரு சில்லறை கேக்கான், இருங்க. ம்.

எங்க விட்டேன்? ஆங். கொஞ்ச நாளைக்கு முன்ன ஒரு ஞாயித்துக்கிழமை. மழை நல்லாப் பெஞ்சு வெறிச்சிருந்துச்சு. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாக. இவ ஹாலுல பந்தக்காலுக்கு நடுவுல உக்காந்து பரீட்சை பேப்பர் திருத்திக்கிட்டிருக்கா. நான் முன்னால போயி உக்காந்து நேராவே கேட்டேன். "ஏட்டி, எதுக்கு வந்த?"

சிவப்புப் பேனாவை வச்சுட்டு நிமிந்து பாத்தா. அன்னைக்கு மனுதாரருன்னு சொல்லல.

"வரணும்னு வரல. இல்லைன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தம்மா கேட்டாங்கல்ல, உனக்குச் சம்மதமான்னு. இத்தனை வருசத்துல என்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல. கல்யாணத்தப்ப எங்கப்பா கேக்கல. ஸ்கூலுக்குப் போயிச் சொல்லிட்டு வந்தப்ப நீங்க கேக்கல. முதத் தடவை கேக்காங்க. அப்பறம் உங்களைப் பாத்தேன். கையைக் கூப்பிச் சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தீங்க, நான் இல்லைன்னு சொல்லணும்னு. அதைப் பாத்ததும் சரின்னு சொல்லிட்டேன்."

"என்னைப் பழி வாங்கவா?"

"பழி வாங்கன்னுதான் நினைச்சேன். வந்து பாத்தா, என் வேலை இருக்கு, என் சம்பளம் இருக்கு, அத்தை நல்லா இருக்காங்க. உங்க நினைப்பு அவ்வளவா வரல."

உங்க நினைப்பு அவ்வளவா வரல! ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு ஒரு பொம்பளை புருசனைப் பாத்துச் சொல்ற வார்த்தையா அது? நீங்களே சொல்லுங்க. கோபப்பட்டா ஈ.பி.

பிறகு அவதான் சொன்னா. "உங்களுக்கு விவாகரத்துதானே வேணும்? எதுக்குச் சுத்தி வளைக்கீங்க? பரஸ்பர சம்மதம்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரும் சேந்து ஒரே மனுவா போடணும், ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஆஜராகிச் சொல்லணும். நான் கையெழுத்துப் போடுதேன். ஜீவனாம்சமும் வேண்டாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவ்வளவு லேசா? "எங்க போடணும்? இப்பவே போடுதேன்"னேன்.

"ஒண்ணே ஒண்ணு. ஜட்ஜம்மா முன்னால நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். எழுதிக் குடுக்க வேண்டாம், வாயால சொன்னாப் போதும். சாகக் கிடந்த அப்பாவைப் பாக்க இவளை நான் விடல, அது தப்புன்னு சொல்லணும்."

"அதான் பந்தல் போட்டேனே"ன்னேன். நான் தப்பாச் சொல்லல அண்ணாச்சி, போட்டேன்தானே?

அவ மூஞ்சி மாறிப்போச்சு. "ஆமா, போட்டீங்க. எங்கப்பாவைக் கிடத்தியிருக்கு. அவரு முகத்தைப் பாத்துக்கிட்டே இருக்கவும் முடியல, வேற பக்கம் திரும்பவும் முடியல. எந்தப் பக்கம் திரும்பினாலும் சேரு. எல்லாச் சேருலயும் உங்க பேரு. தூக்குற வரைக்கும் உங்க பேரைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

சொல்லிட்டு பேப்பரை எடுத்துத் திருத்த ஆரம்பிச்சுட்டா. சரியான விடைக்கும் ஒரு தப்புப் போட்டுட்டு, பிறகு அடிச்சு மாத்தினதைப் பாத்தேன்.

ஃப்ரீயாப் போட்டது அண்ணாச்சி. வாடகை வாங்கியிருந்தாக்கூட...

சரி, விடுங்க. நான் சொல்லல. எப்படிச் சொல்ல முடியும்? அம்புட்டுப் பேரு முன்னால. டவாலி நிப்பான், ஞானதுரை நிப்பாரு, நாளைக்குப் பேப்பருல போடுவாக. எங்க அம்மாவே என்னைச் சும்மா விடல. கோயில்லேருந்து வந்ததும் அவகிட்ட எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு என்கிட்ட வந்து, "ஏலே, சொல்லித் தொலையேன்லே. வாய்க்குள்ள கட்டியா வந்திருக்கு? அந்த மனுசன் உன்னை மருமகனேன்னு வாய் நிறையக் கூப்பிடுவாரேலே"ங்குது. அது யாரு அம்மான்னே தெரியல.

நான் சொன்னேன், "உனக்கு விவரம் தெரியாதும்மா. அதைச் சொல்லிட்டா கையெழுத்தைப் போட்டுட்டு அவ பாட்டுக்குப் போயிருவா."

அம்மா என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. "அதுதானேலே உனக்கு வேணும்?"ன்னு கேட்டுச்சு.

அதுக்கில்ல அண்ணாச்சி. நீங்களும் எங்க அம்மா மாதிரியே பாக்கீங்க. அதுக்கு நான் சொல்லல. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் வருது, கடையை யாரு பாக்கது? அம்மாவுக்கு வயசாகுது. அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு நடுவுல பரீட்சை வேற. இதெல்லாம் யோசிக்கணுமில்ல. ஒரு ஆம்பளை நாலையும் யோசிச்சுத்தானே முடிவு பண்ணணும்.

போனு அடிக்குது, இருங்க. குமாஸ்தாதான்.

ஹலோ. ஆமா, கனகவேல்தான். திருமங்கலம் தாண்டிட்டேன். ஆமா, லோக் அதாலத் உத்தரவு, நகல் இருக்கு. வச்சிருக்கேன். என்னது? பரிகாரமா? பரிகாரம்னா கோயில்ல செய்யறதா? ஓகோ. ஆங். சரி. ஆங். ஹலோ? ஹலோ, கேக்கல. கேக்கல. வைக்கேன்.

நல்லாத்தான் கேட்டுச்சு. நான்தான் வச்சுட்டேன்.

ஒண்ணுமில்ல. மனுவை டைப் அடிக்க உக்காந்துட்டானாம். எல்லா மனுவுலயும் கடைசிப் பத்தியில பரிகாரம்னு ஒண்ணு எழுதணுமாம். முன்னால எத்தனை பக்கம் என்ன வேணும்னாலும் எழுதிக்கலாம், ஆனா கடைசியில, எனக்கு இன்னது வேணும், இதைக் குடுங்கன்னு கோர்ட்டுகிட்ட தெளிவாக் கேட்டிருக்கணும். கேக்காததைக் குடுக்க மாட்டாகளாம். "உங்களுக்கு என்ன சார் வேணும்? அவங்க வீட்டை விட்டுப் போகணுமா, இருக்கணுமா? ஒரு வரியில சொல்லுங்க"ங்கான். சின்னப் பய. என்ன அவசரம் பாருங்க அவனுக்கு.

மாட்டுத்தாவணி வந்துருச்சு போல. ஆமா, வந்துருச்சு. உங்க பை மேல இருக்கு, எடுத்துக்கங்க. ஒத்தக்கடைக்கு டவுன் பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்குமா? சரி, சரி. தெரிஞ்சதுதான், சும்மா கேட்டேன்.

நீங்க எறங்குங்க அண்ணாச்சி, பின்னால ஆளுக நிக்காக. எறங்குறேம்ப்பா கண்டக்டரு, ஏன் கத்துற? வண்டி திரும்பக் கோவில்பட்டிக்குத்தான் போகும்னா போகட்டும், அதுக்கு இன்னும் நேரமிருக்குல்ல. கொஞ்சம் உக்காந்திருந்துட்டு எறங்குறேன்.